ஊசிக்குள்ளால் போகும் புரதம்

விளங்கிக்கொள்வோம்: தொடர் பகுதி



சென்ற இதழில் பாண் மா எப்படிப் பொங்குகிறது, அதற்குள் மதுவம் செய்யும் வேலை என்ன என்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த சகோதரி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நல்ல கிருமியைப் பற்றி எழுதிப்போட்டியள், கெட்ட கிருமியைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோவன்" என்று கேட்டார். எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டோம். எந்தக் கிருமியை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எமது மகள் அதைத் தீர்த்துவைத்தாள்.

அவளுக்குப் பதினொரு வயது. பாடசாலையில் பற்றீரியாக்களைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை விரித்து ஒரு படத்தைக் காட்டினாள். "அப்பா, இங்க பாருங்கோ. இது உங்கட மெசின் மாதிரியே கிடக்கு."

பார்த்தோம். ஒரு பற்றீரியாவின் மேற்பரப்பில் இருந்து சின்னஞ்சிறு ஊசிகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு ஊசியைப் பெரிதாக்கி, அடியில் ஒரு தடித்த பாகமும் நடுவில் ஒரு துளையுமாக வரைந்திருந்தார்கள். கீழே கிருமியின் பெயர் இருந்தது: சிகெல்லா. வயிற்றுளைவுக் கிருமி.

மகள் சொன்ன மெசினைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நாம் பாசல் நகருக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். மெசினின் மேலே உள்ள பெரிய வாளிக்குள் பிளாஸ்ரிக் மணிகளைக் கொட்டவேண்டும். உள்ளே சுழலும் திருகு அவற்றை முன்னே தள்ளிக்கொண்டு போகும். சுற்றியுள்ள சூடு 200 பாகைக்கு மேல். மணிகள் உருகிக் கூழாகி, முன்னால் உள்ள சிறிய மூக்கின் துளை வழியாக அச்சுக்குள் பாயும். அச்சு குளிர்ந்தது. அங்கே போனதும் பிளாஸ்ரிக் மீண்டும் இறுகி, போத்தல் மூடியாக வெளியே விழும். மூக்கில் சூடு குறைந்து பிளாஸ்ரிக் அங்கேயே இறுகிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஷெப் வந்து நிற்பார். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்க்க ஏலாது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சிகெல்லா என்ற பெயரை நாம் அறிந்தது புத்தகத்தில் அல்ல. 2009ஆம் ஆண்டு வன்னியில் இருந்து வெளியே வந்து முகாம் ஒன்றில் இருந்தோம். எமக்கு அப்போது பதினேழு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய காலத்தில் இடப்பெயர்வு. விஞ்ஞானப் புத்தகம் எந்தப் பங்கருக்குள் போனதோ தெரியாது. முகாமில் ஒரு கூடாரத்துக்கு இரண்டு குடும்பம். தண்ணீருக்கு வரிசை. கொதிக்கவைக்க விறகு இல்லை.

தம்பிக்கு ஆறு வயது. முதலில் காய்ச்சல், பிறகு வயிற்றுக்குத்து, இரண்டாம் நாள் சீதமும் இரத்தமும். வந்து பார்த்த வைத்தியர் ஒருவர் இது சிகெல்லாவாக இருக்கும் என்று இன்னொருவருக்குச் சொன்னதை நாம் பக்கத்தில் நின்று கேட்டோம். குளிசை கொடுத்தார்கள். அம்மா ஜீவனிப் பக்கற்றைக் கரைத்து, தேக்கரண்டியால் நாலு நாள் இரவும் பகலும் பருக்கினார். தம்பி தப்பிவிட்டான். எங்களுக்கு இரண்டு கூடாரம் தள்ளி இருந்த குடும்பத்தின் சின்னப்பிள்ளை தப்பவில்லை.

அந்தத் தண்ணீரை வரிசையில் நின்று கொண்டுவந்தது நாம். கொதிக்காத தண்ணீரைத் தம்பிக்கு வார்த்துக் கொடுத்ததும் நாம். இதை இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மகளுக்கு, "சித்தப்பாவுக்கும் சின்னனில் இந்த வருத்தம் வந்தது" என்று மட்டும் சொன்னோம். அவள் படத்தைப் பார்த்தாள். "அப்ப இந்த ஊசி சித்தப்பாவுக்குக் குத்தினதோ? ஊசிக்குள்ளால என்ன போகும்?" என்று கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு சில கிழமைகளாக இரவு வேலையின் இடைவேளைகளிலும், ஓய்வு நாட்களில் நூலகத்திலும் தேடி வாசித்தோம். விளங்கியதை இங்கு எழுதுகிறோம். பிழை இருந்தால் படித்தவர்கள் ஆசிரியருக்கு எழுதித் திருத்துங்கள்.

கிருமியின் கதை

1897ஆம் ஆண்டு ஜப்பானில் பெரும் வயிற்றுளைவு நோய் பரவியது. 90,000இற்கு மேற்பட்டோரைப் பிடித்தது. பிடித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். கியோஷி ஷிகா என்ற இளம் வைத்தியர் அந்த ஆண்டு இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அவருடைய பெயரில் இருந்துதான் சிகெல்லா என்ற பெயர் வந்தது. இது பழைய காலத்து வருத்தம் என்று நினைக்கவேண்டாம். 2016ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 2,12,000 பேர் இதனால் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வாந்திபேதிக் கிருமி ஒருவரைப் பிடிக்கவேண்டுமென்றால் பொதுவாக மிகப் பெருந்தொகையாக வயிற்றுக்குள் போகவேண்டும். சிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். கண்ணுக்கே தெரியாத அளவு அழுக்கு. தண்ணீரில் வரலாம், கையில் வரலாம், சோற்றில் இருந்த இலையான் காலிலும் வரலாம்.

இவ்வளவு குறைந்த தொகையை வைத்துக்கொண்டு இந்தக் கிருமி எப்படி ஒரு குடலைப் புண்ணாக்குகிறது? அதன் முக்கிய ஆயுதங்களில் ஒன்றுதான் மகள் காட்டிய ஊசி.

ஊசியின் கட்டுமானம்

பற்றீரியா தான் உள்ளே செய்யும் புரதங்களை வெளியே அனுப்பவேண்டும். சிகெல்லா போன்றவற்றுக்கு ஒன்றல்ல, இரண்டு மென்சவ்வுகள் உண்டு. அவற்றைக் கடப்பதற்குப் பற்றீரியாக்கள் பல வழிகள் வைத்திருக்கின்றன. அவற்றைச் சுரப்புத் தொகுதிகள் என்று சொல்லி, முதலாம் வகை, இரண்டாம் வகை என்று எண் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகைதான் ஊசி. இது பற்றீரியாவின் இரண்டு மென்சவ்வுகளையும் கடந்து, எமது உடற்கலத்தின் மென்சவ்வையும் எட்டித் தொடும். நுனியில் உள்ள வேறு புரதங்கள் அந்தக் கலத்தின் மென்சவ்வில் துவாரம் செய்யும். அதன் வழியாகக் கிருமியின் புரதங்கள் நேரே எமது கலத்துக்குள் இறங்கும்.

சிகெல்லாவுக்கு மட்டும் இது சொந்தமல்ல. முட்டையிலும் கோழியிறைச்சியிலும் வரும் சல்மனெல்லாவிடம் உண்டு. கொள்ளைநோயைக் கொடுக்கும் யேர்சினியாவிடமும் உண்டு. அந்தக் கிருமியை 1894இல் ஹொங்கொங்கில் கண்டுபிடித்த அலெக்சாண்டர் யேர்சின், நாம் இருக்கும் இந்தச் சுவிஸ் நாட்டின் வோ மாநிலத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இந்த ஊசிகளைத் தனியாகப் பிரித்தெடுத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெளிவாகப் படம்பிடித்தது 1998இல். ஜோர்ஜ் கலான் என்பவரும் கூட்டாளிகளும் சல்மனெல்லாவில் அதைச் செய்தார்கள்.

அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சிகெல்லாவின் ஊசியின் நீளம் சுமார் 50 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நனோமீற்றர் உண்டு. அதாவது 20,000 ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். ஊசியின் தடிப்பு சுமார் 7 நனோமீற்றர். உள்ளே உள்ள துளை சுமார் 2 நனோமீற்றர்.

இனிப் புரதம் என்றால் என்ன என்று பார்ப்போம். புரதம் ஒரு மாலை. அமினோ அமிலம் என்ற மணிகள் 20 வகை. அவற்றை ஒரு ஒழுங்கில் கோர்த்தால் மாலை. ஆனால் மாலை மாலையாகவே தொங்கிக்கொண்டு இருந்தால் வேலை செய்யாது. அது தன்னைத்தானே மடித்துச் சுருட்டி ஒரு வடிவத்துக்கு வரவேண்டும். வடிவம்தான் வேலையைச் செய்கிறது. அந்த வடிவத்தைக் குலைக்க எவ்வளவு சூடு, எவ்வளவு இழுவை தேவை என்பதைத்தான் புரதத்தின் உறுதி என்கிறார்கள். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஏன் கட்டியாகிறது? அதன் புரதங்கள் சூட்டில் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று சிக்குப்பட்டுவிடுகின்றன. அவை திரும்பி வராது.

சிகெல்லாவின் ஊசி முழுவதும் ஒரேயொரு வகைப் புரதத்தால் கட்டப்பட்டது. அதில் 83 மணிகள்தான். எமது இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியிலேயே 140இற்கு மேற்பட்ட மணிகள் இருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் இது சிறு பொடி. கொண்டையூசி போல நடுவில் வளைந்து இரண்டு கால்களோடு நிற்கும். இப்படி நூறுக்கு மேற்பட்ட கற்கள் சுருள்படிக்கட்டுப் போலச் சுற்றிச் சுற்றி ஏறி ஊசியாகின்றன. இரண்டு சுற்றுக்குச் சுமார் 11 கற்கள். சல்மனெல்லாவின் ஊசி அணு அணுவாக எப்படி அமைந்திருக்கிறது என்பதை 2012இல் ஜேர்மனியின் கோட்டிங்கன், பேர்லின் நகர்களிலும் அமெரிக்காவின் சியாட்டிலிலும் உள்ளவர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். கற்களுக்கு நடுவில் சீமெந்து கிடையாது. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்துவதால்தான் நிற்கின்றன.

இங்குதான் எமக்குப் பெரிய ஆச்சரியம். கட்டி முடித்த ஊசி நல்ல உறுதியானது. ஆனால் அதன் ஒரு கல்லைத் தனியாக எடுத்துச் சோதித்தால் அது மிகவும் பலவீனமானது. பெரிய சூடு தேவையில்லை, வடிவம் குலைந்துவிடும். ஆறவிட்டால் மறுபடியும் மடிந்து பழைய வடிவத்துக்கு வந்துவிடும். முட்டைக்கரு போல அல்ல, எமது பிளாஸ்ரிக் போல.

ஏன் அப்படி? ஊசி எப்படி வளருகிறது என்று பார்த்தால் விளங்கும். புகைபோக்கி கட்டும் மேசன் வெளியே சாரம் போட்டுக் கல்லை ஏற்றுவார். பற்றீரியாவுக்குச் சாரம் கிடையாது. கற்களை ஊசியின் உள்ளே உள்ள அதே துளையினூடாக அனுப்பி, நுனியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மடிந்த கல் அந்தத் துளைக்குள் போகாது. ஆகவே குலைந்து நூலாகப் போகவேண்டும், வெளியே வந்ததும் மடிந்து கல்லாகவேண்டும். தனியாக இருக்கும்போது உள்ள மடிப்பும் ஊசியில் சேர்ந்த பின் உள்ள மடிப்பும் ஒன்றல்ல, சேரும்போது புரதம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை 2010இல் பேர்லினில் உள்ளவர்கள் சல்மனெல்லாவில் காட்டினார்கள். தொடக்கத்தில் இருந்தே இறுகிய கல்லாக இருந்திருந்தால் ஊசியே கட்டுப்பட்டிருக்காது.

பாசலில் கண்டுபிடித்த அடிமட்டம்

ஊசி எவ்வளவு நீளமாக வளரவேண்டும் என்று பற்றீரியாவுக்கு எப்படித் தெரியும்? இதற்குப் பதில் எமது ஊரிலேயே கிடைத்திருக்கிறது. பாசல் பல்கலைக்கழகத்தின் பயோசென்ரம் என்ற ஆய்வு நிலையத்தில் பேராசிரியர் கை கோர்னெலிசும் அவருடைய மாணவர்களும் 2003இல் இதை வெளியிட்டார்கள். யேர்சினியாவில் ஒரு நீண்ட புரதம் உண்டு. அதன் நடுப்பகுதியில் சில மணிகளை வெட்டி எடுத்தார்கள். ஊசி கட்டையாக வளர்ந்தது. மணிகளைக் கூட்டினார்கள். ஊசி நீண்டது. எவ்வளவு கூட்டினார்களோ அந்த விகிதப்படி நீண்டது. அதாவது அந்தப் புரதம்தான் அடிமட்டம். அடிமட்டத்தின் அளவு வந்ததும் பற்றீரியா ஊசிக்கற்களை அனுப்புவதை நிறுத்திவிட்டு அடுத்த சரக்குக்கு மாறுகிறது.

நீளம் சரியாக இல்லாவிட்டால் என்ன? 2005இல் அதே குழுவினர் அதையும் பார்த்தார்கள். பற்றீரியா எமது கலத்தோடு ஒட்டிக்கொள்வதற்கு வைத்திருக்கும் ஒட்டுப்புரதத்தின் நீளத்துக்கு ஏற்றபடி ஊசியும் நீண்டிருக்கவேண்டும். கட்டையாக இருந்தால் எட்டாது. எட்டாவிட்டால் குத்தாது. பல வருடங்களாக அந்த நிலையத்தின் பக்கத்தால் போய்வந்திருக்கிறோம். உள்ளே இதைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

ஊசிக்குள்ளால் போகும் சரக்கு

மகளின் கேள்விக்கு இப்போதுதான் வருகிறோம். உள்ளே என்ன போகிறது?

கிருமி தயாரித்து வைத்திருக்கும் வேலைக்காரப் புரதங்கள் போகின்றன. இவை எமது கலத்துக்குள் போய் அதன் நிர்வாகத்தைக் கையில் எடுக்கும். கலத்தின் மென்சவ்வை நெளியவைத்துக் கிருமியை உள்ளே விழுங்கச் செய்வது இவற்றின் வேலைகளில் ஒன்று. கிருமி கலத்தைத் தொட்ட சில நிமிடங்களிலேயே இவை இறங்கத் தொடங்கிவிடும்.

மடிந்த புரதம் ஒன்று சாதாரணமாக 3, 4 நனோமீற்றர் பருமன் இருக்கும். துளை 2 நனோமீற்றர். ஆகவே இதுவும் குலைந்துதான் போகவேண்டும். இந்தப் புரதங்களில் பலவற்றுக்கு ஒரு காவற்புரதம் உண்டு. அது ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது போல, புரதத்தின் முற்பகுதியைப் பிடித்து முழுதாக மடியவிடாமல் வைத்திருக்கும். ஊசியின் அடியில் சக்தியைச் செலவழித்து வேலை செய்யும் ஒரு நொதியம் இருக்கிறது. அது காவற்புரதத்தைக் கழற்றி, சரக்கின் மடிப்பை இழுத்துக் குலைக்கிறது என்பதை 2005இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கலானும் கூட்டாளியும் காட்டினார்கள். பிறகு சரக்கு, தலைப்பக்கம் முன்னால், நூல் போலத் துளைக்குள் ஏறும். எமது கலத்துக்குள் போனதும் மடிந்து வேலையைத் தொடங்கும். உருகிப் போய் அச்சில் இறுகும் பிளாஸ்ரிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் சொன்னது சரிதான். ஒரு வித்தியாசம், மெசின் சூட்டினால் உருக்குகிறது, கிருமி இழுத்துக் குலைக்கிறது.

குலையாத புரதத்தை அனுப்பினால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கடலில் உள்ள ஒருவகை ஜெலிமீனில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. பீப்பாய் போல இறுகிய வடிவம், இலேசில் குலையாது. வியன்னாவில் உள்ளவர்கள் இதைச் சல்மனெல்லாவின் சரக்கின் வாலில் ஒட்டவைத்தார்கள். தலை ஊசிக்குள் ஏறியது, வால் ஏறவில்லை. பாதி வழியில் சிக்கி நின்றது. சிக்கிய அந்த நிலையிலேயே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படம்பிடித்து, புரதம் போகும் பாதையை 2014இல் காட்டினார்கள். எமது தொழிற்சாலையில் மூக்கு அடைபட்டால் திட்டு விழும். அங்கே வேண்டுமென்றே அடைத்து உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2021இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். சல்மனெல்லாவின் உண்மையான சரக்குப் புரதங்களை ஒவ்வொன்றாக நுண்ணிய முனையில் பிடித்து இழுத்து, எவ்வளவு இழுவையில் குலைகின்றன என்று அளந்தார்கள். பச்சைப் புரதம் தாங்கும் இழுவையோடு பார்த்தால் இவை மிகக் குறைந்த இழுவைக்கே விட்டுக்கொடுத்தன. ஆனால் மடிந்திருக்கும்போது செய்யவேண்டிய வேலையைச் சரியாகச் செய்பவையும் இவைதான். இந்தப் புரதங்கள் எப்படியோ பலவீனமாகிப் போனவை அல்ல. வேலை செய்யப் போதுமான உறுதி, ஊசிக்குள்ளால் போகப் போதுமான நெகிழ்ச்சி, இரண்டும் அளவாக இருக்கின்றன.

இரட்டையரின் ஆயுள்

உறுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு புரதம் எத்தனை நேரம் உயிரோடு இருக்கிறது என்பது. சல்மனெல்லா அனுப்பும் இரண்டு புரதங்களின் கதை இதற்கு நல்ல உதாரணம். சொப்-ஈ என்பது எமது கலத்தின் மென்சவ்வை நெளியவைத்துக் கதவைத் திறக்கும். எஸ்பி-ரிபி என்பது நெளிந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தும். ஒன்று செய்வதை மற்றது அழிக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் இறங்குகின்றன. அப்படியானால் கதவு எப்படித் திறக்கும்?

2003இல் கலானும் கூட்டாளியும் இதற்கு விடை சொன்னார்கள். எமது ஒவ்வொரு கலத்துக்குள்ளும் வேண்டாத புரதங்களை வெட்டித் துண்டாக்கும் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது. சொப்-ஈ விரைவாக அந்தத் தொட்டிக்குள் போய்விடுகிறது. எஸ்பி-ரிபி நெடுநேரம் நிற்கிறது. ஆகவே முதலில் கதவு திறக்கும், கிருமி நுழையும், திறந்தவர் இல்லாமல் போவார், மற்றவர் சாத்திவிடுவார். கலம் வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும். எமது கலத்தின் துப்புரவு வேலையைக் கூடக் கிருமி தன் நேரசூசிக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இதனால் எமக்கு என்ன?

இதை அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. சிகெல்லாவுக்குக் கொடுத்துவந்த பல மருந்துகள் இப்போது கேட்பதில்லை. புளோரோகுயினலோன் என்ற மருந்து வகைக்கு அடங்காத சிகெல்லாவை உலக சுகாதார நிறுவனம் 2017இல் நடுத்தர அபாயப் பட்டியலில் வைத்திருந்தது. 2024இல் உயர் அபாயப் பட்டியலுக்கு ஏற்றியது. ஆகவே கிருமியைக் கொல்லாமல் அதன் ஊசியை மட்டும் முடக்கும் மருந்துகளை ஆய்வுகூடங்களில் தேடுகிறார்கள். ஊசி இல்லாத சிகெல்லா குடற்கலத்துக்குள் நுழைய முடியாது. ஊசியின் நுனியில் உள்ள புரதங்களை வைத்துத் தடுப்பூசி செய்யவும் முயல்கிறார்கள். கல் எங்கே நெகிழ்கிறது, எங்கே இறுகுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஆப்பு வைக்கலாம் என்று தெரியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில.

ஊரில் இருந்து வரும்போது கொண்டுவந்த அன்ரிபயோட்டிக் குளிசைகளை லாச்சியில் வைத்து, வயிறு குழம்பினால் இரண்டு போடுகிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கிருமியைப் பழக்கி வளர்ப்பது அதுதான்.

மலத்தில் இரத்தம் கண்டால் வைத்தியரிடம் போகவேண்டும். பிள்ளை என்றால் அன்றைக்கே. மொழி தெரியாது என்று பின்னிற்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் போகும்போது வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம். கிருமியை உள்ளே அடைத்துவைப்பது போலாகிவிடும்.

உடலில் இருந்து போகும் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஜீவனி போன்ற உப்புச்சீனித் தூள் இங்கும் மருந்துக்கடையில் கிடைக்கும். பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். இது கிருமியைக் கொல்லாது. பிள்ளையை உயிரோடு வைத்திருக்கும்.

கடைசியாகச் சவர்க்காரம். கக்கூசுக்குப் போனபின்பும், சமைக்கமுன்பும், தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கமுன்பும். பத்துக் கிருமி போதும் என்பதை மறக்கவேண்டாம்.

இதையெல்லாம் வாசித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு கதைத்தோம். அவன் இப்போது வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்ததும் கொதிக்காமல் கொடுத்ததும் நாம் என்று முதல்முறையாகச் சொன்னோம். பத்துக் கிருமி போதும் என்று வாசித்த பின்னும், தண்ணீரில் வந்ததா, கையில் வந்ததா, இலையானில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது என்று தெரிந்த பின்னும், சொல்லவேண்டும்போல இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். "எனக்குத் தண்ணி ஞாபகம் இல்லை அண்ணா" என்றான். "அம்மாவின்ர கரண்டி பல்லில முட்டினதுதான் ஞாபகம். நித்திரை கொள்ள விடமாட்டா." பிறகு, "பிள்ளையின்ர கட்டுரை என்னாச்சு?" என்று கேட்டான்.

கட்டுரை முடிந்தது. ஊசியைப் பெரிதாக வரைந்து, துளைக்குள் ஒரு நூலையும் வரைந்து, பக்கத்தில் எமது மெசினையும் வரைந்திருக்கிறாள். மூக்குத்தான் கொஞ்சம் கோணல். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

அடுத்த இதழில் குளிர்காலத்தில் கை ஏன் வெடிக்கிறது என்பதைப் பற்றிப் பார்ப்போம். வணக்கம்.